லா செல்வியின் பிரெஞ்சுப் பல்லவி

என்னிடம் இன்னும் நானூற்றுச் சொச்சம் விசிட்டிங் கார்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தங்க எழுத்தில் 'லா செல்வி, பாப் பாடகி, நடிகை' என்று இருக்கும். ஐந்நூறு அடித்தேன். என் கலைவாழ்க்கையின் நீள அகலத்தை அதை வைத்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

சொந்தப் பெயர் வெறும் செல்விதான். கருவடிக்குப்பத்தில் வீடு, லாஸ்பேட்டையில் பி.காம். பெயருக்கு முன்னால் ஒரு 'லா' போட்டுவிட்டால் பாதி பிரெஞ்சுக்காரி ஆகிவிடலாம் என்று எனக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். நடிகை என்று போட்டதற்கும் ஆதாரம் உண்டு. கடற்கரையில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கதாநாயகனுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே பதினோரு தடவை நடந்தேன். படத்தில் ஐஸ்கிரீம் வந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களும் வந்தன.

அப்பாவுக்கு ரெட்டியார்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. சென்னையில் ஆல்பம் போடும் கம்பெனி ஒன்று என்னைக் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது (அந்த மெயில் ஊரில் தொண்டை உள்ள எல்லோருக்கும் போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது). போகலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ மேடையில பாடு. உன் பாட்டக் கேட்டுட்டு சனம் எழுந்து நின்னா, நானே சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா பேங்க் கோச்சிங்ல சேந்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றார்.

எனக்குச் சென்னை வேண்டும். சாப்பாடு, தூக்கம் எதுவும் வேண்டாம், சென்னை மட்டும் வேண்டும். அப்படி ஒரு வெறி அப்போது.

மேடை கொடுத்தது பக்கத்து வீட்டு மதாம் தெரேஸ். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் காலமான பிறகு பிரான்சிலிருந்து மதாமுக்குக் குடும்பப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. மதாமின் தங்கை மகனுக்குக் கல்யாண ரிசப்ஷன். "நம்ம பொண்ணு இருக்க வெளியாள் எதுக்கு? நீயே பாடுடி" என்றார். வரப்போகிற கூட்டத்தில் முக்கால்வாசி அவரைப் போலப் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள். அப்பேர்ப்பட்ட சபையில் வெறும் தமிழில் பாடினால் என் 'லா'வுக்கு என்ன மரியாதை?

"பல்லவி பிரெஞ்சுல இருக்கணும் செல்வி" என்றான் அன்வர். என்னோடு படித்தவன், கீபோர்டு வாசிப்பான். இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் 'போன்ழூர்' தெரியும். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது.

அந்த வாரம் மதாம் வீட்டுக்குப் போனபோது, மேசையில் பழைய பத்திரிகைகளுக்கு அடியில் ஒரு தாள் தட்டுப்பட்டது. முழுக்கப் பிரெஞ்சு. நடுவில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. தடித்த எழுத்தில் இருப்பதால் கவிதையின் உச்சம் அதுதான் என்று முடிவு செய்தேன் (பி.காம். முதல் வகுப்பு, சொல்லிவிட்டேனா?). ஏதோ பழைய காகிதம், யாருக்கு என்ன உபயோகம் என்று மடித்து எடுத்து வந்துவிட்டேன். போனில் காட்டினால் அது அழகாக உச்சரித்துக் காட்டியது. அர்த்தமும் சொல்லியிருக்கும். "வேணாம், அர்த்தம் தெரிஞ்சா ஃபீல் போயிடும்" என்று அன்வர் தடுத்துவிட்டான். பெரிய ஞானி. அந்தத் தாளின் ஓரத்திலேயே பேனாவால் 'இங்கே இடுப்பு', 'இங்கே கண்ணடி', 'இங்கே முன்வரிசையைக் காட்டு' என்று குறித்துவைத்தேன்.

ரிசப்ஷன் அன்று முன்வரிசையில் கோட்டு போட்ட பெரியவர்கள். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அப்பா. தமிழில் தொகையறா பாடும்வரை அவர்கள் அவரவர் போண்டாவைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நான் பல்லவியை எடுத்தேன்.

"சான் ரெபோன்ஸ்... லெ வெர்ஸ்மான் செரா சுஸ்பாந்து!"

முன்வரிசையில் போண்டா நின்றது. ஆகா, பிடித்துவிட்டது என்று குரலை உயர்த்தினேன். இடுப்பு ஆயிற்று, கண்ணடித்தாயிற்று. விரலை நீட்டி முன்வரிசையில் ஒவ்வொருவராகச் சுட்டி "சுஸ்பாந்து! சுஸ்பாந்து!" என்று நான்கு தடவை பாடினேன். கோரஸை அன்வர் எதிரொலியோடு கொடுத்தான்.

மொத்த ஹாலும் எழுந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒரு பெரியவர் தட்டுத் தடுமாறி மேடையேறி என் மைக்கைப் பிடித்தார். "பாப்பா, எந்தத் தேதிக்குள்ள அனுப்பணும்?" என்றார்.

"எனக்கு லெட்டரே வரலியே!" என்று ஓர் அம்மாள் அலறினார். ஒருவர் பிரான்சில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். "சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில கெடக்குது, வண்டிய எடுடா!" என்று இன்னொருவர் வாசலுக்கு ஓடினார். ஐந்து நிமிடத்தில் ஹாலில் மிஞ்சியது மணமக்களும் பிரியாணியும்தான்.

விஷயம் இதுதான். பென்ஷன்காரர்கள் வருடத்துக்கொரு முறை, தாங்கள் உயிரோடு இருப்பதாக ஒரு ஃபாரத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். நான் உருகி உருகிப் பாடிய வரியின் அர்த்தம்: 'பதில் வராவிட்டால் பணம் நிறுத்தப்படும்.'

மதாம் மேடைக்கு வந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது.

"அடிப்பாவி! இதத்தான்டி ஒரு மாசமா மெத்தையக் கிழிச்சித் தேடறேன். நாளைக்குக் கடைசி நாளு!"

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். "எல்லாரும் எழுந்து நின்னாங்களேப்பா?"

"நின்னாங்க. ஓடறதுக்கு மின்னாடி யாரா இருந்தாலும் எழுந்து நிக்கத்தான் செய்வாங்க" என்றார். சென்னை அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலையில் கையெழுத்து வாங்க மதாமைப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இங்கே இடுப்பு' என்பதை வாய்விட்டுப் படித்தார். "இன்னா மதாம் இது?" என்றார்.

எனக்கு அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. மதாம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். "எங்க பொண்ணு பெரிய பாடகி முசே. கைக்குக் கெடச்ச பேப்பர்லல்லாம் பாட்டு எழுதும்" என்றார் நிமிர்ந்து உட்கார்ந்து. அவமானமா நன்றியா என்று தெரியவில்லை, அங்கேயே விக்கி விக்கி அழுதேன். கண்ணடிப்பு, இடுப்பு எல்லாவற்றோடும் அந்தத் தாள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. பென்ஷனும் வந்தது.

பேங்க் தேர்வில் தேறவில்லை. செய்த பாவத்துக்கு ஒழுங்காகப் பிரெஞ்சு படித்தேன். இப்போது ஊரில் பாதிப் பென்ஷன்காரர்களுக்கு இந்த ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது நான்தான். என் மாமனாரும் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஒரு கால் செருப்போட ஓடினவன் நாந்தாம்மா" என்று அறிமுகம் செய்துகொண்டவர்.

இன்றைக்கும் வருடா வருடம் ஃபாரத்தை நீட்டினால் மனிதர் லேசில் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வார்:

"பாடும்மா. பயந்தாத்தான் எனக்குக் கையெழுத்து நேரா வருது."