ராகு அங்கிளின் லோக்கல் டைம்

மலேசியாவிலேயே சரியாக நேரம் பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எந்த இடத்துக்கும் நேரத்தோடு போனதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டுக்கு மேல் மாடி. இன்சூரன்ஸ் விற்று ரிட்டயர் ஆனவர், இப்போது டெலஸ்கோப்பில் வானம் பார்ப்பதே வேலை. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணிக்குத்தான், கடிகாரம்தான் முந்திக்கொண்டு ஓடுகிறது என்பது அவர் கட்சி. பன்னிரண்டு மணி விருந்துக்கு ஒன்றேகாலுக்கு வந்து நின்று, "இப்பதான் லா பன்னெண்டு, மேல பாருங்க" என்பார். மேலே பார்த்தால் கண் கூசும். கீழே பாயாசம் தீர்ந்திருக்கும்.

ராகு அங்கிள் என்ற பெயர் காலண்டரால் வந்தது. காலண்டரில் ராகு காலத்தை, காலை ஆறுக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போடுகிறார்கள். இங்கே உதிப்பது ஏழுக்கு மேல். "அப்ப ராகுவும் லேட்டாதானே வருவான்? அவன் வராதப்ப ஒளிஞ்சிக்கிறீங்க, வந்ததும் வெளிய வர்றீங்க" என்று கோயில் வாசலிலேயே சண்டை பிடிப்பார். இத்தனைக்கும் மனுஷனுக்கு ராகு மேல் துளி நம்பிக்கை கிடையாது. கணக்கு தப்பினால்தான் பொறுக்காது.

என் நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலண்டர்படி ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அது கழியட்டும் என்று ஆறேகாலுக்குக் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கார் பார்க்கில் டெலஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அங்கிள், என் வருங்கால மாமியாரை வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்கம்மா. ராகு இப்பதான் சூடா ஆரம்பிச்சிருக்கான். ஏழு பத்து வரைக்கும் இருப்பான்."

வெளியே வைத்த காலை மாமியார் காருக்குள் இழுத்துக்கொண்டார். "சுரேன், வண்டிய எடு. வேற நாள் பாக்கலாம்" என்று ஸ்டியரிங்கில் இருந்த மாப்பிள்ளையை விரட்டினார்.

இந்தக் கல்யாணத்துக்கு அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே எங்களுக்கு உயிர் போயிருந்தது. திரும்பிப் போனால் போனதுதான். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் கீழே ஓடினேன். "அங்கிள், என் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டீங்களே" என்று அழுதேவிட்டேன்.

அங்கிளுக்கு முகம் செத்துவிட்டது. நேரே கடைக்குப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிவந்து கார் ஜன்னலில் நீட்டினார். "ஏழு பத்துக்கு மேல சுத்தமான நேரம்மா. அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்" என்று சனியின் வளையத்தில் ஆரம்பித்தார். மாமியார் முதலில் முறைத்தார். வியாழனுக்கு எத்தனை நிலா என்று சொன்னபோது கண்ணாடியை முழுசாக இறக்கினார். பொழுது சாய்ந்ததும் தானாகவே இறங்கி வந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"பிறை நிலாவா?"

"நிலா இல்லம்மா, வெள்ளி. வெள்ளியும் தேஞ்சு வளரும்."

"சுக்கிரனா?" மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கல்யாணத்துக்கே அவருதானே முக்கியம். அவரே வந்து ஆசீர்வாதம் பண்றாரு பாருங்க."

நான் அங்கிளின் முகத்தையே பார்த்தேன். தப்பாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஐயரையே நிறுத்திக் கேள்வி கேட்கிற மனுஷன் இவர். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார்.

ஏழரைக்கு மோதிரம் மாற்றினோம். சாப்பாட்டு இலையில் பக்கத்தில் உட்கார்ந்து என் காதோடு சொன்னார்: "வெள்ளியில மழையே ஆசிட் லா. அங்க போனா ஈயமே உருகிடும், இதுல ஆசீர்வாதமாம். தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. உன் மூஞ்சப் பாத்தேன், முழுங்கிட்டேன்."

அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் யாருக்காகவும் ஒரு வார்த்தையைக்கூட முழுங்கியதில்லை.