சத்தமே இல்லாத லைனுக்கு இயர்பிளக்

எனக்கு ஐந்து மொழிகள் பேசத் தெரியும். அவற்றில் ஒன்றில்கூடக் காது கேட்காது என்பது நாற்பத்தாறாவது வயதில், ஒரு கேன்டீன் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவன் நான். வண்டிகளுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். எங்கள் லைனில் ஒரு வாக்கியம் தெலுங்கில் கிளம்பி, கன்னடத்தில் திரும்பி, தமிழில் வந்து நிற்கும். நான் எல்லா மொழியிலும் உத்தரவு போடுவேன். (உத்தரவு போட நிறையச் சொற்கள் வேண்டியதில்லை. முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.)

என்னிடம் முனிராஜு என்று ஒருவர் இருந்தார். கன்னடக்காரர். சூளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். ஒன்பது வருஷமாக நிரந்தர வேலை. ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் சம்சாரத்துக்கு கிருஷ்ணகிரியில டயாலிசிஸ். சாயங்காலம் நாலு மணிக்கு. அந்த ரெண்டு நாள் மட்டும் காலை ஷிப்ட் குடுங்க சார். நான் கூட இருக்கணும்."

"பாக்கலாம் முனிராஜு."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். நான் கெட்டவன் இல்லை. அதைவிட மோசம், அட்டவணை போடுகிறவன். கம்ப்யூட்டரில் ஐந்து நிறங்களில் நான் போட்ட ஷிப்ட் அட்டவணையை மேலிடத்தில் பாராட்டியிருந்தார்கள். ஒரு கட்டத்தை மாற்றினால் பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வந்துவிடும். அழகு கெட்டுவிடும்.

இந்தச் சமயத்தில்தான் ஜெர்மனித் தலைமையகத்திலிருந்து கிளாரா மேடம் வந்தார். பல மொழி பேசுகிறவர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மன அழுத்தத்தைக் குறைப்பது அவர் பொறுப்பு. நல்ல மனுஷி. எதைப் பார்த்தாலும், "இது உங்கள் பண்பாடா?" என்று கேட்டு, நோட்டில் மரியாதையாகக் குறித்துக்கொள்வார். மெஷினில் கட்டிய எலுமிச்சம்பழத்தைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரே பைக்கில் மூன்று பேர் போவதைக் கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன்.

கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். பெயர் போடாமல், அவரவர் மொழியில், மனதை அழுத்துவது எது என்று எழுத வேண்டும். அவற்றை மேடை ஏறி ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே? ஐந்து மொழிக்காரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

முதல் சீட்டு தமிழ். 'சூப்பர்வைசர் ஒண்ணையே நாலு தடவை சொல்வார். நாம ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டார்.'

மேடம் ஆவலாகப் பார்த்தார். "ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதாம்" என்றேன்.

இரண்டாவது தெலுங்கு. சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று இருந்தது. "சாம்பாரில் காரம் அதிகமாம்." (வயிறு வரைக்கும் சரியாகத்தானே சொன்னேன்.)

மூன்றாவது கன்னடம். 'என் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மூன்று முறை சொல்லிவிட்டேன். நான் பேசுவது யார் காதிலும் விழவில்லை.'

பொய் சொன்னாலும் மூலத்தை ஒட்டியே சொல்ல வேண்டும் என்ற தர்மம் எனக்கு உண்டு. "சத்தம் அதிகமாம். காதில் எதுவும் விழவில்லையாம்."

மேடம் புருவத்தை உயர்த்தினார். எங்கள் லைனில் அதிகபட்ச சத்தம் டீ வண்டியின் சக்கரம்தான். "இந்த ஊர்க்காரர்களுக்குக் காது கொஞ்சம் மென்மை" என்றேன். தேர் திருவிழாவுக்கு நாலு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டும் ஊரைப் பற்றித்தான் இப்படிச் சொன்னேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார். கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். அங்கிருந்த பாதிப் பேருக்கு ஆங்கிலம் புரியும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு வாரத்தில் பெட்டி வந்திறங்கியது. ஆரஞ்சு நிறத்தில், நீலக் கயிறு வைத்த இயர்பிளக்குகள். மறுபடியும் கேன்டீன். என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. வரிசையில் வந்த எங்கள் லைன் பாண்டி, "இனி நீங்க திட்டுனா ஒண்ணுமே கேக்காது சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்து முனிராஜு. பாக்கெட்டை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், திரும்ப என் சட்டைப் பையிலேயே வைத்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஐ ரைட் நோ நாய்ஸ். வைஃப் டயாலிசிஸ். த்ரீ டைம் ஐ டெல் சார்."

அவ்வளவுதான். என் ஐந்து மொழிகளும் தரையில் கிடந்தன.

மேடம் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "இது உங்கள் பண்பாடா?" என்று கேட்டார். கேலியே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அங்கேயே கம்ப்யூட்டரைத் திறந்து அட்டவணையை மாற்றச் சொன்னார். இரண்டு கட்டம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வந்தது. பார்க்க ஒன்றும் அசிங்கமாக இல்லை.

"வேணாம் சார்" என்றார் முனிராஜு. "போன வெள்ளிக்கிழமை அவ தனியா போயிட்டு வரப்ப பஸ் ஸ்டாண்டுலயே மயங்கி விழுந்துட்டா. யாரோ பூக்காரம்மா தண்ணி தெளிச்சு உக்கார வெச்சிருக்காங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன். வீட்டுகிட்டயே ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை. நாளைக்கு சேர்றேன்."

ஒன்பது வருஷ நிரந்தர வேலையை விட்டுவிட்டுக் காண்ட்ராக்டுக்குப் போகிறவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் வரை போனவர் திரும்பி, கன்னடத்தில் மெதுவாக, "கேளிஸ்தா சார்?" என்றார். கேட்டதா என்று அர்த்தம். கேட்டது.

வீட்டில் இந்தக் கதையை நான் முதலில் சொன்னபோது தொழிலாளிக்காக மேடத்திடம் வாதாடியவன் நான்தான். மறுவாரம் மார்க்கெட்டில் பாண்டியின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி அசல் கதையையே கொண்டுவந்துவிட்டாள். அன்றிலிருந்து குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொல்லி நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காவிட்டால், என் மகள் அந்த ஆரஞ்சு இயர்பிளக்கை எடுத்துவந்து காபி டம்ளர் பக்கத்தில் வைப்பாள். "கேளிஸ்தா சார்?" உறவினர்கள் வந்தால் முழுக் கதையும் நடித்துக் காட்டப்படும். கிளாரா மேடமாக மைத்துனன் நடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

போன மாதம் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது சூளகிரியில் பஸ் நின்றது. எதிர்ப்பக்க டீக்கடையில் முனிராஜு. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முனிராஜு, வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கத்தினேன். பார்த்தார். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். மறுபடி கத்துவதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான்.

நெடுஞ்சாலை. லாரிகள். அங்கே உண்மையிலேயே சத்தம் அதிகம். இதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. நம்ப மாட்டார்கள்.