செம்மூக்கு ராஜா

எத்தனையோ அரசர்கள் தங்கள் பெயரைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிப் பெருமை தேடிக்கொண்டார்கள். தான் கொன்ற எதிரியின் முகத்தை நாணயத்தில் போட்டு, அவன் பெயரிலேயே ஆட்சி நடத்திய பெருந்தன்மை வக்ஷு நதிக்கரையிலுள்ள எங்கள் யவுகா தெஸ்கா அவர்களுக்கு மட்டுமே உண்டு. நாணயசாலை மேற்பார்வையாளன் என்ற முறையில் இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். சத்தியம் செய்வதும் என் உத்தியோகத்தில் அடக்கம்.

யவுகா என்றால் எங்கள் குலத் தலைவர். கிழக்கேயிருந்து குதிரைமேல் வந்தவர்கள் நாங்கள். வந்தபோது இங்கே நிகாண்டர் என்ற யவன ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய ஆட்சியை நாங்கள் 'நிறைவு செய்து வைத்தோம்'. அவரையும் சேர்த்துத்தான்.

முதலில் யவுகா தம் திருமுகத்தையே நாணயத்தில் பொறிக்க விரும்பினார். அதற்கு அவருடைய தலையே இடைஞ்சலாக நின்றது. எங்கள் பெரிய குடும்பங்களில் பிறந்த குழந்தையின் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி, மேல்நோக்கி வளர்த்துவிடுவோம். யவுகாவின் தாயார் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆர்வம் மிகுந்தவர். அரண்மனை வாசல் நிலைகளை எல்லாம் இரண்டு முறை உயர்த்த வேண்டியிருந்தது. நாணயமோ வட்டமானது. இதை ஆராய 'நாணயச் சீர்திருத்த உயர்மட்டக் குழு' கூடியது. பெரிய மந்திரி பர்ஸுக் தலைமை தாங்கினார்.

"தலையக் கொஞ்சம் சின்னதாக்கிட்டா என்ன?" என்றார் ஒருவர்.

"யாரோட தலைய?" என்றார் யவுகா.

அந்த யோசனையைச் சொன்னவர் அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் தென்படவில்லை. முகவாயிலிருந்து புருவம்வரை ஒரு நாணயத்திலும், புருவத்திலிருந்து கிரீடம்வரை இன்னொன்றிலுமாக அச்சடித்துச் சந்தைக்கு அனுப்பினோம். பார்லி வியாபாரிகள் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார்கள்.

"ரெண்டு சேந்தாத்தான் ஒரு ராசா ஆவுது. அப்ப ரெண்டும் சேந்து ஒரு காசுதானே?" என்று கேட்டார்கள். "நிகாண்டர் காசு இருந்தா குடுங்க, இல்லன்னா மூட்டைய எறக்குங்க."

குழு மறுபடியும் கூடி, சரித்திரப் புகழ்பெற்ற சமரசம் ஒன்றைக் கண்டது. முன்பக்கம் சந்தை நம்பும் நிகாண்டரின் முகம். பின்பக்கம் யவுகா குதிரைமேல் அமர்ந்திருக்கும் கோலம். உருவம் சிறிதாக இருப்பதால் தலை முழுதும் அடங்கிவிடும். இந்தக் கோலத்தை வரைவதற்காக எங்கள் அச்சு வெட்டுபவன் லைகோன் அரண்மனைக் குதிரை லாயத்துக்குப் போனான். அவன் யவனன், பரம்பரையாக அச்சு வெட்டுகிறவன். குதிரையைக் கொஞ்சம் திரும்பி நிற்கும்படி கேட்டுக்கொண்டான். குதிரை அவன் மூக்கில் உதைத்தது. மூக்கு இடப்பக்கமாக வளைந்தது, அன்றிலிருந்து எப்போதும் சிவந்தே இருந்தது. அரசுப் பணியில் ஏற்பட்ட காயம் என்பதால் அவனை நான் மனமாரப் பாராட்டினேன்.

அந்தக் குதிரையின் மேல்தான் யவுகாவுக்கு உயிர். அதற்கு வெள்ளியில் தீவனத் தொட்டி, வெள்ளியில் கடிவாளம், குளம்புக்கும் வெள்ளிப் பூண் என்று அரசாங்கத்தின் வெள்ளி முழுதும் லாயத்தை நோக்கி நகர்ந்தது. நல்ல பழைய நிகாண்டர் நாணயங்களையும் உருக்கித் தொட்டிக்கு அனுப்பிவிட்டோம். நாணயத்துக்குச் செம்பு மிஞ்சியது. மேலே வெள்ளி பூசினோம்.

"ஐயா, பாத்து வெட்டறதுக்கு ஒரு பழைய காசாவது வேணுமே," என்று லைகோன் என்னிடம் வந்தான். "நிகாண்டரோட மூஞ்சிய நான் நேர்ல பாத்ததில்ல."

"எல்லாத்தையும் குதிரை தின்னுடுச்சுப்பா. ஏதாவது ஒரு யவன மூஞ்சியப் போடு. செத்தவன் வந்து சண்டைக்கா நிக்கப்போறான்?"

அவன் யோசித்துப் பார்த்தான். கைக்கெட்டிய யவன மூஞ்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சட்டியில் தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்த்து வெட்டினான். உள்ளதை உள்ளபடி வெட்டும் நேர்மையாளன், மூக்கையும் வளைத்தே வெட்டினான்.

நாணயம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் மிக மேடான இடம் மூக்கு. நாலு கை மாறுவதற்குள் அங்கே வெள்ளிப் பூச்சு தேய்ந்து, உள்ளேயிருந்த செம்பு எட்டிப் பார்த்தது. ஊர் அதற்குச் 'செம்மூக்கு' என்று பெயர் வைத்தது. செம்மூக்கைப் பார்த்தாலே ரொட்டிக்காரன் கடையைச் சாத்தினான். ஒரு ஆடு வாங்கிய காசுக்கு ஆட்டின் வால் கிடைத்தது. கூலிக்காரர்கள் வீட்டில் பிள்ளைகள் காய்ந்த மல்பெரியை மென்றுவிட்டுப் படுத்தார்கள்.

யவுகா கலங்கவில்லை. மாடத்தில் நின்று மக்களிடம் பேசினார்.

"உங்க வயித்துல அடிச்சது யாரு? காசோட முன்பக்கத்தப் பாருங்க, தெரியும். நிகாண்டர்! போனவன் சும்மா போகல, செம்ப விட்டுட்டுப் போயிருக்கான்!"

கூட்டம் ஆரவாரித்தது. நிகாண்டர் செத்து எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது, இந்த நாணயமோ போன மாதம் அடித்தது. இந்தச் சின்ன முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தால் செத்தவர் தலையில் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். யவுகா பேச்சின் சூட்டில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். "அந்த மூஞ்சி மட்டும் என் கையில கெடைச்சா, மூக்க அறுத்துருவேன்!"

மறுநாள் இரண்டு காவலாளிகள் முலாம்பழக் கடையில் லைகோனைப் பார்த்தார்கள். கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தார்கள். மறுபடியும் லைகோனைப் பார்த்தார்கள்.

"டேய், நிகாண்டர் சாகலடா!"

குதிரைச் சந்தை நடுவே விசாரணை நடந்தது. யவுகா குதிரைமேல் வந்திருந்தார். ஊர் முழுதும் திரண்டிருந்தது. மந்திரி பர்ஸுக் நாணயத்தை லைகோனின் கன்னத்தோடு ஒட்டி வைத்து ஆராய்ந்தார்.

"வளைஞ்ச மூக்கு, சரி. செவந்த மூக்கு, அதுவும் சரி. நீ நிகாண்டரா?"

"இல்லீங்க, லைகோனுங்க. உங்க அச்சு வெட்டறவன். போன வாரம்கூட உங்க மோதிரத்துக்கு முத்திரை வெட்டிக் குடுத்தேனே."

"அது வேற விஷயம். காசுல இருக்கற மூஞ்சி ஒன்னோடதா, இல்லியா?"

"என்னோடதுதாங்க. மேற்பார்வை ஐயாதான் ஏதாவது யவன மூஞ்சியப் போடச் சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேகங்களைப் பார்த்தேன். அன்று வானத்தில் மேகமே இல்லை.

பர்ஸுக் எழுந்து நின்று, எங்கள் நீதி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க தீர்ப்பை வழங்கினார். பொன் இல்லாத காரணத்தால் சும்மா உரக்கச் சொன்னார்.

"காசுல யாரு உருவம் இருக்குதோ, அந்தக் காசோட திருட்டுத்தனத்துக்கு அவந்தான் பொறுப்பு! அவன் நிகாண்டரா இருந்தாலும் சரி, லைகோனா இருந்தாலும் சரி, மூக்க அறுங்க!"

கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டது. இதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த நானே இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு லைகோனின் மனைவி அனோஷா வந்தாள். எங்கள் குலத்துப் பெண், யவனனைக் கட்டிக்கொண்டவள். சந்தையில் தயிர் விற்கிற குரல்.

"பெரியவரே, இப்ப சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க."

"ஏம்மா, காது கேக்கலியா? உருவம் யாரோடதோ, அவன் மூக்க அறுக்கணும்."

"நல்ல தீர்ப்பு. ஊரே கேட்டுக்கிட்டீங்கல்ல?" மந்திரி விரலிலிருந்து நாணயத்தைப் பிடுங்கினாள். "இவரு மூஞ்சி ஒரு பக்கந்தானே? இந்தா, திருப்பறேன். குதிரை மேல ஒசரமா ஒருத்தர் குந்தியிருக்காரே, இது யாரு? பாத்தவுடனே தெரியுதே, இந்த நெட்டத் தலை ஊருல வேற யாருக்கு இருக்கு?"

கத்தி தீட்டியவன் கல்லைக் கீழே வைத்தான். ஊர் மொத்தமும் நாணயத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து குதிரையைப் பார்த்தது. குதிரைமேல் எங்கள் யவுகா தெஸ்கா அவர்கள் இரண்டு கைகளாலும் தம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அறுத்தா ரெண்டையும் அறுங்க. இல்லன்னா எம் புருசன விடுங்க. வீட்டுல பால் பொங்கிக்கிட்டு இருக்கு."

'தொழில்நுட்பக் காரணங்களுக்காக' விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. லைகோன் வளைந்த மூக்கோடு வீடு திரும்பினான். குழு அன்று மாலையே கூடியது. வெள்ளித் தொட்டியை உருக்கி நல்ல நாணயம் அடிக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு முதிர்ச்சி பெற்ற குழு அது. குதிரை எதில் தின்னும் என்பதையும் யோசிக்க வேண்டுமல்லவா?

புதிய நாணயம் வந்துவிட்டது. லைகோன்தான் வெட்டினான், ஊரில் வேறு ஆள் இல்லை. முன்பக்கம் வெறும் ஒளிவட்டம். பின்பக்கம் ஆளில்லாத குதிரை. சுற்றிலும் யவன எழுத்தில் 'மாபெரும் இரட்சகர்' என்ற பட்டம். யார் என்று போடவில்லை. முகமும் கிடையாது, பெயரும் கிடையாது, ஆகவே மூக்கும் கிடையாது. உள்ளே செம்பு மட்டும் முன்பைவிடக் கூடுதலாக உண்டு. இனி எந்த மந்திரி எந்தத் தீர்ப்பு சொன்னாலும் யார்மேலும் கை வைக்க முடியாது. இந்த நுட்பத்துக்காக யவுகா எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்.

நேற்று அந்தச் சால்வையோடு சந்தைக்குப் போயிருந்தேன். பார்லிக்காரன் புது நாணயத்தை வாங்கிக் கடித்தான். எழுத்தைப் படிக்கவில்லை, யாருடையது என்று எவரிடமும் கேட்கவில்லை. முகத்தை அரண்மனைப் பக்கம் திருப்பித் துப்பினான். அடுத்தவனும் அப்படியே செய்தான், அதற்கடுத்தவனும் அதே பக்கம்தான் துப்பினான். பெயரே இல்லாத ஒரு மகானை மக்கள் இவ்வளவு சரியாக அடையாளம் கண்டுகொள்வது எங்கள் யவுகாவின் பொற்கால ஆட்சியில்தான் நடக்கும்.