தொண்ணூற்றாறு சன்னலும் ஒரு வாணலியும்

வெயிலில் காயவைத்தால் எதுவும் சரியாகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நெல், மிளகாய், மெத்தை, ஈர விறகு, தொட்டியில் விழுந்த செல்போன், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் மொட்டைமாடிதான். (சளி பிடித்த என் மாமனாரைக்கூட ஒருமுறை மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள்.) மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதன் விளைவாகத்தான், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவருக்கு அவருடைய ரயில் சன்னலையே பொரித்துச் சோற்றோடு பரிமாறினோம்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விடியற்காலை ஐந்தே காலுக்கு வேன் வரும். இரண்டு வருடம் அந்த வேனில் தலை ஆடி ஆடித் தூங்கியதில் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிடுமோ என்று பயந்து, வேலையை விட்டுவிட்டு ஒரு த்ரீ டி பிரிண்டர் வாங்கிவந்தேன். அதன் தொட்டியில் ரெசின் என்று தேன் மாதிரி ஒரு திரவம் இருக்கும். கீழிருந்து ஒளி பட்டு அது படலம் படலமாக இறுகி, நாம் கேட்ட உருவம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மேலே வரும்.

அதை வைக்க நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையைக் கேட்டேன். மூட்டைகள் நடுவீட்டுக்கு வந்தன. மாமனார் மூட்டைக்கும் டிவிக்கும் நடுவில் படுக்க ஆரம்பித்தார். மாமியார் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“தே விமலா, சித்திர முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இத்த வெச்சி நாலு பேரு ஒத்துக்கற மாதிரி எதனா பண்ணிக் காட்டு. இல்லன்னா மறுபடியும் வேன்ல ஏறு. என் நெல்லு உள்ள போவணும்.”

எனக்கு அந்த வேனில் மறுபடி ஏறுவதைவிடப் பெரிய பயம் உலகத்தில் கிடையாது.

அப்போதுதான் கார்டு சார் கிடைத்தார். செங்கல்பட்டுக்காரர். அவர் வேலை பார்த்த பழைய மீட்டர்கேஜ் ரயிலைச் சாப்பாட்டு மேஜைமேல் ஓடும் அளவுக்குச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். பெட்டி எல்லாம் அட்டையில் அவரே வெட்டி ஒட்டிவிட்டார். கண்ணாடி சன்னல் மட்டும்தான் பாக்கி. சுண்டுவிரல் நகம் அளவு, நாலு மூலையும் லேசாக வளைந்திருக்க வேண்டும். ஆறு பெட்டி, பெட்டிக்குப் பதினாறு, மொத்தம் தொண்ணூற்றாறு. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரயில் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்களாம். “நல்லா வந்துடுச்சுன்னா எங்க ஆளுங்க எல்லாருக்கும் நீங்கதாம்மா சன்னல்” என்றார். நான் மனசுக்குள் வேனுக்கு டாட்டா காட்டிவிட்டேன்.

பாட்டிலில் தண்ணீர் போலத் தெளிவாக இருந்த ரெசின், சன்னலாக வெளியே வந்தபோது கஞ்சித் தண்ணீராக வந்தது. மாமியார் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்துத் தெருவைப் பார்த்தார்.

“கண்ணாடின்ற. அந்தாண்ட ஆளு நிக்கிதா மாடு நிக்கிதான்னு ஒண்ணும் தெரியலயே.”

இதற்கெல்லாம் நான் அசரவில்லை. அச்சான துண்டை ஸ்பிரிட்டில் கழுவி ஒளியில் வைத்தால் முழுசாக இறுகும் என்று படித்திருந்தேன். அதற்கென்று விளக்குப் பெட்டி விற்கிறார்கள். தலைக்கு மேலே சித்திரை வெயில் சும்மா கொட்டிக்கொண்டிருக்கும்போது விளக்கு எதற்கு? எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் சந்தேகம். மாடியில் ஜவ்வரிசி வடகம் ஊற்றிக்கொண்டிருந்த மாமியாரைக் கேட்டேன்.

“வடகம் எத்தன நாள் காயணும் அத்த?”

“மூணு வெயிலு.”

அப்படியானால் சன்னலுக்கும் மூன்று வெயில் என்று முடிவு செய்தேன். (பாட்டிலில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. அதை எழுதியவன் எங்கள் மாடியைப் பார்த்திருக்க மாட்டான் என்று தள்ளிவிட்டேன்.) மாடியில் வெயில் நன்றாக விழும் இடம் ஒன்றுதான். அங்கே மாமனாரின் பழைய வேட்டி விரித்திருந்தது. பாதி வேட்டியில் வடகம், பாதி வேட்டியில் சன்னல். காய்ந்த ஜவ்வரிசி வடகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாதி தெரிந்தும் தெரியாமலும், உடைந்தால் நகம் அளவுத் துண்டாக. என் சன்னலும் அப்படியேதான் இருந்தது. இந்த ஒற்றுமை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வானம் இருண்டு ஒரு சொட்டு விழுந்தது. எங்கள் தெருவில் ஒரு சொட்டு விழுந்தால் நெருப்புப் பிடித்த மாதிரி எல்லாரும் மாடிக்கு ஓடுவோம். எது யாருடையது என்றெல்லாம் பார்க்க மாட்டோம், அள்ளுவதுதான் வேலை. மாமனார் முதலில் போய் வேட்டியை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“ஒரு துண்டு நனயல பாத்துக்கோ” என்று பெருமையாக வேறு சொன்னார்.

பிறகு நடுவீட்டில் உட்கார்ந்து வடகத்தில் சன்னல் பொறுக்கினேன். தொண்ணூற்றொன்று தேறியது. மீதி ஐந்து மழையோடு போயிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வேறு ஐந்து அச்சடிக்கலாம் என்று எழுந்தபோது கரண்ட் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. சன்னலை வாங்கிப்போக கார்டு சார் நேரிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார். டப்பாவைத் திறந்து பார்த்தார். அவர் முகம் விழுந்தது.

“என்னம்மா, வண்டி முழுக்க மூடுபனியில போற மாதிரி இருக்கே.”

மூன்று வெயில் காய்ந்ததில் லேசாக மஞ்சளும் ஏறியிருந்தது. “முதல்ல சாப்பிடுங்க சார்” என்றேன். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மாமியார் இலை போட்டுச் சாதம், சாம்பார், பக்கத்தில் பொரித்த வடகம் வைத்தார். சார் மூன்று வடகம் சாப்பிட்டார். நாலாவதைக் கடித்ததும் ‘கடக்’கென்று சத்தம் வந்தது. மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார்.

சார் வாயிலிருந்து அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, சன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அம்மா, இது என் சன்னல்மா.”

“முழுங்காதீங்க சார், கெமிக்கல்!” என்று கத்திக்கொண்டு அவர் இலையையே பிடுங்கினேன். (சோறும் அதோடு வந்தது.) வடகத் தட்டில் தேடினால் மீதி நாலும் கிடைத்தன. வடகம் எல்லாம் விரிந்திருக்க, இவை மட்டும் விறைப்பாகக் கிடந்தன. பூமி பிளந்தால் நெல் மூட்டையோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் சார் இன்னும் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது மட்டும் எப்படிம்மா இவ்ளோ தெளிவா இருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியின் கரைகூடத் தெரிந்தது. படலத்துக்குப் படலம் இருந்த மெல்லிய கோடுகளை எண்ணெய் நிரப்பிவிட்டது என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்தே கால் மணி வேன்தான். வாய் தானாகப் பேசியது.

“அது ஒரு ஸ்பெஷல் ஃபினிஷிங் சார்.”

“அப்ப எல்லாத்தையும் அப்படியே பண்ணிக் குடுங்க.”

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. “எண்ண சூடாத்தான் கீது. போடட்டா?”

அன்றைக்குப் பின்கட்டில், பழைய வாணலியில், என் மாமியார் தொண்ணூற்றொரு சன்னலைப் பொரித்தார். டிப்ளமோ முடித்த நான் அவர் பக்கத்தில் தட்டேந்தி நின்றேன். “பொக வரக்கூடாது, போட்டதும் எடுத்துடணும்” என்று எனக்குப் பாடம் வேறு. சார் கை கூப்பி, “என்ன பக்குவம்மா உங்களுக்கு!” என்றார். முப்பது வருடமாக அந்த அடுப்படியில் நிற்கும் மாமியாரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சன்னலை எல்லாம் காலி மைசூர்பாகு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார். பல் தடம் பட்ட சன்னலைக் கழிவறைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு சார் பஸ் ஏறினார்.

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது.

“ஏம்மா, என் வண்டில எறும்பு ஏறுது.”

“சார்?”

“வரிசையா ஏறுதும்மா. ஆறு பெட்டியிலயும். டிக்கெட் இல்லாத கூட்டத்த முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. பசங்க எல்லாம் நம்ம வண்டியைத்தான் சுத்தி நின்னு கை தட்டுதுங்க. எங்க ஆளுங்க சிரிக்கறாங்க. என்ன போட்டீங்க அதுல?”

மறைக்க முடியவில்லை. கடலை எண்ணெயிலிருந்து மைசூர்பாகு டப்பா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “நான் மூணு வடகம் தின்னேனே, அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் செய்து கெஞ்சினேன். திங்கள் விடியற்காலை, பழைய அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வேனின் விளக்கு திருப்பத்தில் தெரிந்தபோது மாமியார் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“எங்க கெளம்பிட்ட?”

“நீங்கதான அத்த சொன்னீங்க.”

“அது மெஷினு சரியில்லன்னா போவச் சொன்னேன். மெஷினு மேல இன்னா தப்பு? எண்ண மேலதான் தப்பு. நான் பொரிச்சத நாலு பேரு பாத்து சிரிச்சிக்கினு போனா, நான் சும்மா வுட்றுவனா? உள்ள போ.” வேன்காரரைப் பார்த்து, “இவ வரல, நீ போப்பா” என்று கையை வீசினார்.

அதோடு நிற்கவில்லை. பொழுது விடிந்ததும் சாருக்குப் போன் போட்டார். “உனுக்கு இன்னொரு தபா பண்ணித் தரோம், எறும்பு வந்தா என்ன கேளு” என்று சவால் விட்டார். பிறகு என்னிடம் வந்து, “எண்ண மாதிரி பளபளன்னும் இருக்கணும், காஞ்சியும் போவணும். அப்டி எதனா கீதா உங்க படிப்புல?” என்றார்.

இருந்தது. அதற்குப் பெயர் வார்னிஷ். உத்திரமேரூர் பஜாரில் எல்லாப் பெயின்ட் கடையிலும் கிடைக்கிறது. அதில் ஒரு முக்கு முக்கி நிழலில் காயவைத்த தொண்ணூற்றாறு சன்னலும் இன்று வரை சார் ரயிலில் இருக்கின்றன. அவருடைய ஆட்களுக்கும் நான்தான் சன்னல். நெல் மூட்டை இன்னும் நடுவீட்டில்தான் இருக்கிறது. அந்த வாணலி என் அறையில் ஆணியில் தொங்குகிறது.

மாமனார் மட்டும் மாறிவிட்டார். இன்றைக்கும் யார் விருந்துக்கு வந்தாலும், ஒவ்வொரு வடகத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். வந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதான் அவரும் காத்திருப்பார்.

“அந்தாண்ட தெரியலன்னா என் பொண்டாட்டி பண்ணது, துன்லாம். தெரிஞ்சிதுன்னா மருமவ பண்ணது. ரயிலுக்குப் போவணும்.”