குளியலறைக்குக் குறுக்கே நின்ற மரபுக் காவலர்

நமது ஊர்களில் இப்போது மரபுக் காவலர் என்றோர் இனம் பெருகிவருகிறது. பழைய வீடொன்றைக் கண்டால் இவருக்குக் கண் கலங்கும். அதற்குள் ஆட்கள் குடியிருப்பதைக் கண்டால் முகம் சுளிக்கும். குடியிருப்பவர்கள்தானே ஆணி அடிக்கிறார்கள், துணிக்கொடி கட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்? இவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். மாபிள் கல் பதித்த புது வீட்டில்.

கல்முனையில் றுஸ்னாவுக்கு வாய்த்த காவலர், ஓய்வுபெற்ற அதிகாரி பக்கீர் சேர். றுஸ்னா கணவனை இழந்தவள். கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள தூண் வைத்த மாடி வீடு அவளுடைய சீதனம். அதை மகள் நப்லாவுக்கு எழுதி, நோன்பு வருமுன் கலியாணத்தை முடிக்க இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அறையோடு ஒரு குளியலறை, அவ்வளவுதான். கொத்து வேலைக்கு வந்த மேசன் குணம் பின்சுவரில் உளியை வைத்த அன்றுதான் பக்கீர் சேர் கமெராவும் கையுமாக வந்து நின்றார்.

"நிப்பாட்டுங்க! இது சுவரில்ல, சரித்திரம்!"

குணம் உளியை வைத்துவிட்டு, சரித்திரத்தில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மடித்தான்.

சுண்ணாம்பில் கருப்பட்டி சேர்த்த விதம், யன்னல் பலகையின் மரம், தூணின் கழுத்து வளைவு, பாரிஸிலிருக்கும் மச்சினன் காட்டிய மாளிகையில் கதவுக் குமிழை மாற்றவும் அனுமதி வேண்டுமாம் என்ற செய்தி, இங்கே ஒரு கல் பெயர்ந்தாலும் தாம் மேலிடத்துக்கு எழுதிப்போடுவதாக ஓர் எச்சரிக்கை என்று சேரின் பேச்சு நீண்டது. றுஸ்னா பாலில்லாத பிளேன்டீ ஊற்றினாள். அவர் ஊற்ற ஊற்றக் குடித்தார்.

"சேர், பாத்ரூம் இல்லாட்டி மாப்பிள்ள ஊட்டாக்கள் வரமாட்டாங்களாம்."

"மாப்பிள்ள வேற கிடைக்கும் தங்கச்சி. இந்தச் சுவர் கிடைக்குமா?"

யன்னலுக்குப் பின்னால் நப்லாவின் விசும்பல் கேட்டது. படித்த மனிதரை எதிர்த்து என்னத்தைக் கதைப்பது? றுஸ்னா இன்னொரு பிளேன்டீ ஊற்றினாள்.

அந்நேரம் மாரி மழை கொட்டத் தொடங்கியது. பக்கீர் சேருக்கோ நீரிழிவு, சீனி வருத்தம். அத்தனை பிளேன்டீயும் மழைச் சத்தமும் சேர்ந்தால் என்னவாகும்? பேச்சு பாதியில் நின்றது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"தங்கச்சி, பாத்ரூம் எங்கால?"

"அந்தா, கிணத்தடியத் தாண்டி மதிலோரம் இரிக்கி, சேர். ஓடு கொஞ்சம் ஒழுகும். பாசி வழுக்கும், பாத்துப் போங்க."

காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். கிணற்றடியில் 'தொப்' என்றொரு சத்தம். வெகுநேரம் கழித்து, தலைமுதல் கால்வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தார். றுஸ்னா சிரிக்காமல் துவாயை நீட்டினாள். உள்ளே அழுதுகொண்டிருந்த நப்லாவுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலையைத் துவட்டியபடி சுவரை நெடுநேரம் ஆராய்ந்தார் சேர்.

"குணம், எவ்வளவு உடைக்கப் போறீங்க?"

"கதவு போற அளவுக்குத்தான், சேர்."

"ம்... முகப்புத்தான் மரபு. பின்சுவர் பிற்காலத்துச் சேர்க்கை..."

அவர் வாயை மூடுமுன் சரித்திரத்தில் முதல் அடி விழுந்தது.

கலியாணமும் குறித்தபடி நடந்தது. சாப்பாட்டுக்கு வந்த சேர், அந்தக் குளியலறை தமது ஆலோசனைப்படி கட்டப்பட்டதென்று ஒரே சகன் தட்டில் கூட இருந்து சாப்பிட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார். றுஸ்னா அவருக்கு இன்னொரு இறைச்சித் துண்டை வைக்கச் சொன்னாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன கிழமை முகநூலில், இடிபடும் ஏதோவொரு பழைய வீட்டின் படத்தைக் கண்டு, 'ஐயோ, காப்பாற்ற யாருமில்லையா' என்று அழுகிற முகம் போட்டீர்களே, அந்த வீட்டுக்காரரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?