எலிகளுக்கு ஆயுத பூஜை

அங்கே இருந்தவர்கள்: ஆராய்ச்சி செய்த மேடம். அவருக்கு மேலே இருந்த பேராசிரியர். கல்லூரியில் எலிக்கூண்டு கழுவும் நான். நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக இருபது வெள்ளை எலிகள்.

கடைசி இருபது பேரால்தான் வம்பு.

செம்பு கலந்த தண்ணீரைக் குடித்தால் மூளைச் செல் என்ன ஆகும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி ஆகுமா என்பது மேடத்தின் ஆராய்ச்சி. (எங்கள் வீட்டிலும் செம்புக் குடம்தான். என் மூளையை யாரும் பார்க்கவில்லை.) ஆண் தனி, பெண் தனி. செம்புத் தண்ணீர் குடிப்பவற்றுக்கு வாலில் சிவப்பு மை, மற்றவற்றுக்குக் கறுப்பு. அரை வருட உழைப்பு. இது முடிந்தால் தையில் மேடத்துக்குக் கல்யாணம்.

"கூண்டெல்லாம் கழுவிப் பொட்டு வச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஆயுத பூஜைக்கு முதல் நாள் மேடம் ஊருக்குப் போனார்.

கழுவினேன். கூண்டு பளிச்சென்று இருந்து உள்ளே இருப்பவை அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும்? சீயக்காய் போட்டு அவற்றையும் குளிப்பாட்டினேன். நல்ல நாளும் அதுவுமாகத் தனித்தனியே எதற்கென்று ஜோடி ஜோடியாக விட்டேன். பொரி வைத்தேன். பார்க்க நிறைவாக இருந்தது.

லீவு முடிந்து கதவைத் திறந்தார்கள்.

"இது எலியா, சாமியாராய்யா?" என்றார் பேராசிரியர்.

மேடம் ஒவ்வொரு வாலாகத் தூக்கிப் பார்த்தார். "மை எங்கண்ணே?"

"கொஞ்சம் அழுத்தித் தேச்சுட்டேன் மேடம்."

"செம்பு குடிச்சது எதுன்னு இனி எப்படிண்ணே தெரியும்?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு மேடம்."

"ஆணையும் பெண்ணையும் ஏன்யா ஒண்ணாப் போட்ட?" என்றார் பேராசிரியர்.

"பண்டிகைல்ல சார்."

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது எலி வாங்கக் கல்லூரியில் காசில்லை. கல்யாணம் போச்சு என்றார். என் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் குட்டிகள் பிறந்தன. எல்லாம் ஒரே வயது, ஆணும் பெண்ணும் வேண்டிய அளவு. அவற்றை வளர்த்து மேடம் மறுபடி ஆரம்பித்தார். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று முடிவு வந்தது. (என் மனைவி இதை முன்பே சொல்லியிருக்கிறாள்.)

வண்டியூர் மண்டபத்தில் மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டி, "நம்ம கல்யாணத்தத் தள்ளிவச்ச அண்ணன் இவருதான்" என்றார் மேடம்.

இன்றைக்கும் யாராவது வரன் தேடி வீட்டுக்கு வந்தால் என் மனைவி விடுவதில்லை. "இவருகிட்டச் சொல்லுங்க. ஒரே நாள்ல பத்து ஜோடி சேத்து வச்ச மனுசன்."

எலிக் கதையைக் கேட்டு முடித்ததும், குட்டி எத்தனை என்று கேட்பார்கள்.

நாற்பத்தேழு.