கண்ணுக்குத் தெரியாத பெயிண்ட்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, மாட்டிக்கொண்டது நான்தானே.

நூலகத்தின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றும், அதில் தெரிகிற வானத்தை நிஜ வானம் என்று நம்பிப் பறவைகள் வந்து மோதிச் சாகின்றன என்றும், நிர்வாகி அம்மா என்னைக் கூப்பிட்டு ஏதாவது அடித்துத் தொலையுங்கள், ஆனால் கண்ணாடியின் அழகு மட்டும் கெடக்கூடாது என்றும் சொன்னதை உங்களிடம் போனில் சொன்னேன் பாருங்கள், அதுதான் நான் செய்த முதல் தப்பு. பறவைக் கண்ணையே ஆராய்ச்சி செய்கிற மனுஷன் குடும்பத்திலேயே இருக்கும்போது வெளியே போய் யாரைக் கேட்பது? நீங்களும் சும்மா இருந்தீர்களா? "மாமா, பருந்துப் படமெல்லாம் ஒட்டாதீங்க, அசையாத பருந்தை எந்தக் குருவியும் மதிக்காது" என்று ஆரம்பித்து, பாவம் அதுகளுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது, பூனை எந்தப் பக்கம் பதுங்கி வந்தாலும் தெரியும், நேர் எதிரே இருப்பதுதான் சரியாகத் தெரியாது என்றீர்கள். நல்ல படைப்பு போங்கள்! அப்புறம் சின்னப் பறவைகளுக்கு நம்மைவிட ஒரு நிறம் கூடுதலாகத் தெரியும், அந்த நிறத்தில் உள்ளங்கை அகலம் விட்டு விட்டுக் கோடு போட்டால் மனுஷனுக்கு அது கண்ணாடி, குருவிக்கு அது வேலி என்று சொல்லி மூன்று டப்பா பெயிண்டும் அனுப்பிவைத்தீர்கள்.

முப்பத்திரண்டு வருஷமாக பிரஷ் பிடிக்கிறேன், அடித்த இடமே தெரியாத வேலையை இப்போதுதான் பார்க்கிறேன். டீ குடித்துவிட்டு வந்தால் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. என் கூட்டாளி, அதான் உயரத்தால் ஏணி என்று பெயர் வாங்கினவர், கண்ணாடியில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, "அண்ணே, இங்க அடிச்சாச்சு, வாசம் வருது" என்றார். மூக்கெல்லாம் பெயிண்ட். காய்ந்ததும் அதுவும் தெரியவில்லை. கடைசியில் நூல் கட்டி, விரலால் எண்ணி எண்ணி மூன்று நாள் அடித்தோம். படிக்க வந்தவர்களெல்லாம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரெண்டு பெருசுகள் வெறும் கண்ணாடிக்கு முன்னால் எதற்குக் கையை ஆட்டுகின்றன என்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

நாலாம் நாள் நிர்வாகி அம்மா வந்து, என்னோடு வெளியே நின்று கண்ணாடியைப் பார்த்தார்.

"எங்கய்யா கோடு?"

"தெரியாதுங்கம்மா. தெரியாததுதான் இதோட விசேஷமே."

"அப்ப நீங்க அடிச்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைக் குருவியைத்தான் கேக்கணும்."

என் வாய் இருக்கிறதே வாய்! ஆனால் என் நல்ல நேரம், அப்போதே ஒரு குருவி நேராக வந்து, கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று திரும்பிப் போனது. "பாத்தீங்களா!" என்று குதித்தேன். "உங்க மூஞ்சியைப் பாத்துப் பயந்திருக்கும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு புறா வந்து டமாரென்று மோதியது. புறாவுக்கு அந்த நிறம் அவ்வளவாகப் பிடிபடாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, "புறாக் கண்ணு வேற ரகம்மா, எங்க மாப்பிள்ளையே சொல்லியிருக்காரு" என்றேன். கேட்டால்தானே! புறா அட்டைப்பெட்டிக்குள் அரை மணி நேரம் படுத்திருந்து, தெளிந்து, நன்றிகூடச் சொல்லாமல் பறந்துவிட்டது. அதன் இறகுத் தூள் மட்டும் இரண்டு சிறகும் விரித்தபடி கண்ணாடியில் அச்சாகப் பதிந்திருந்தது. அம்மா அதைக் காட்டி, "மூணு நாள் வேலையில என் கண்ணுக்குத் தெரியறது இது ஒண்ணுதான். இதையும் புறாதான் பண்ணிச்சு" என்றார்.

வருகிற திங்கட்கிழமைக்குள் கோடு இருக்கிறதென்று நிரூபிக்காவிட்டால், நான் ஏமாற்றுக்காரன் என்று மற்ற கட்டடக்காரர்களுக்கெல்லாம் எழுதிவிடுவாராம். மாப்பிள்ளை, என் வேலையை இதுவரை ஒருத்தர் குறை சொன்னதில்லை. அவமானமாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் அத்தைகூட விளக்கை அணைத்த பிறகு மெதுவாக, "என்கிட்ட மட்டும் சொல்லுங்க, நெஜமாவே அடிச்சீங்களா?" என்கிறாள்.

ஆகையால் அந்தக் கோட்டைக் காட்டுகிற விளக்கு உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறதாமே, அதைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வந்து, எல்லார் முன்னாலும் பளிச்சென்று அடித்துக் காட்டி, உங்கள் மாமனாரின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது. வராவிட்டால் அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வர வேண்டாம். வந்தால் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது.

என் மகளுக்கு என் ஆசி முழுதாக. உங்களுக்கும் உண்டு, இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுத, டப்பாக்களோடு நீங்கள் அனுப்பிய தாளை எடுத்தேன். அதற்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். 'மாமா, கட்டாயம் வெளிப்பக்கம்தான் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பறவைக்குக் கண்ணாடிமேல் வானமும் மரமும்தான் தெரியும், உள்பக்கம் போட்ட கோடு அதற்குப் பின்னால் மறைந்துவிடும்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அடித்தது உள்பக்கம். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே மின்விசிறி. குருவி என் மூஞ்சியைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது. எனவே திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள், நூலகம் பூட்டியிருக்கும். விளக்கோடு இன்னும் மூன்று டப்பாவும் வேண்டும். அத்தையிடம் நான் அடித்தது நிஜம் என்று மட்டும் சொல்லுங்கள், எந்தப் பக்கம் என்ற பேச்சே வேண்டாம். கூட்டாளிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம், அதனால் பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆசி முழுதாகவே தந்துவிடுகிறேன்.